வண்டிக்கு அடியில போறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வி-பதில்

வீட்டுலயே இன்ஜின் ஆயில் மாத்தறத பத்தி இந்தப் பகுதியில முன்னாடி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்கள படிச்சா நெறய பேரு ஸ்டாண்ட் (தூக்கின வண்டிய அடியில நின்னு தாங்கற இரும்புக் கால்) வைக்காம வெறும் ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடியில மல்லாக்க படுக்கறீங்கன்னு தெரியுது. படிக்கவே பயமா இருந்துச்சு. அதனால இந்தத் தடவ மைலேஜ், பேட்டரி கேள்வியெல்லாம் ஓரமா வச்சுட்டு இத பத்தின கேள்விகள மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: என்கிட்ட 2 டன் ஹைட்ராலிக் ட்ராலி ஜாக்கி இருக்கு, புதுசு. என் கார் மொத்தமே 1100 கிலோதான். ஜாக்கியோட சக்தியில பாதிதான் வருது, அதுவும் ஒரு பக்கம்தான் தூக்கறேன். அப்புறம் எதுக்கு தனியா ஸ்டாண்ட் வாங்கணும்னு சொல்றீங்க?

பதில்: தம்பி, 2 டன்னுன்னு போட்டிருக்கறது அது எவ்ளோ தூக்கும்ங்கற கணக்கு. எவ்ளோ நேரம் பிடிச்சு வச்சிருக்கும்னு அதுல எங்கயும் போட்டிருக்காது. உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. நீங்க லிவர அடிக்க அடிக்க ஒரு சின்ன பிஸ்டன் ஆயில தள்ளி பெரிய பிஸ்டன் பக்கம் அனுப்புது, அந்த ஆயில் திரும்பி ஓடாம தடுக்கறது ஒரு குட்டி இரும்பு குண்டு வால்வும் சில ரப்பர் ரிங்கும்தான். நீங்க அடியில படுத்திருக்கற நேரம் முழுக்க உங்க நெஞ்சுக்கு மேல இருக்கற வண்டிய பிடிச்சுட்டு இருக்கறது அதுங்கதான். அந்தக் குண்டு உக்கார்ற இடத்துல ஒரு மணல் துகள் மாட்டினா போதும், இல்ல ரிங்ல ஒரு கீறல் விழுந்தா போதும், ஆயில் வந்த வழியே திரும்பிப் போகும், ஜாக்கி இறங்கும். சில சமயம் கண்ணுக்கே தெரியாம மெதுவா இறங்கும், சில சமயம் ஒரே அடியா இறங்கும். புது ஜாக்கின்னா இது நடக்காதுன்னு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

இன்னொரு விஷயம், ஜாக்கியில எந்தக் கோளாறும் இல்லாமலே வண்டி விழும். ட்ராலி ஜாக்கியோட கை நேரா மேல போறது இல்ல, வளைவா போகுது, அதனால தூக்கும்போது ஜாக்கியே தன் சக்கரத்துல கொஞ்சம் உருண்டு வண்டிக்கு அடியில நகரணும். தரையில ஒரு ஜல்லிக் கல்லு தடுத்துச்சுன்னா ஜாக்கி நகராது, அதுக்கு பதிலா அந்த உள்ளங்கை அளவு தட்டு வண்டியோட விளிம்புல இழுத்துட்டுப் போய் ஓரத்துல நிக்கும். மேல இருந்து பாத்தா எல்லாம் சரியா இருக்கற மாதிரிதான் இருக்கும். நீங்க அடியில போய் இறுகின போல்ட்ட ஸ்பேனர் போட்டு ஒரு இழு இழுத்தீங்கன்னா வண்டி ஆடும், ஓரத்துல நிக்கறது நழுவும்.

முன் இன்ஜின் கார்ல எடை பாதிக்கு மேல முன்பக்கம்தான் இருக்கும். 1100 கிலோ வண்டியில ஒரு முன் சக்கரத்து மேல மட்டும் 300 கிலோ வரைக்கும், அதுக்கு மேலயும் உக்காந்திருக்கும். அந்த ஒரு மூலை நெஞ்சுல இறங்கினா மூச்சு இழுக்கவே முடியாது.

தூக்கறது ஜாக்கியோட வேலை, தாங்கறது ஸ்டாண்டோட வேலை, ரெண்டையும் ஒண்ணா நெனைக்கறதுலதான் உயிர் போகுது. ஸ்டாண்ட்ல ஆயில் இல்ல, ரிங் இல்ல, நாலு காலு அகலமா விரிஞ்ச இரும்பு. ஜாக்கியில தூக்குங்க, ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல ஸ்டாண்ட் வைங்க, அப்புறம் ஜாக்கிய மெதுவா இறக்கி எடை முழுக்க ஸ்டாண்ட் மேல உக்கார விடுங்க. நெறய பேரு ஸ்டாண்ட பக்கத்துல சும்மா வச்சுட்டு எடைய ஜாக்கியிலயே விட்டுடறாங்க, அது பாதி வேலைதான். எடை மாறினதுக்கு அப்புறம் ஜாக்கிய எடுத்துட்டுப் போகாம லேசா தொட்டபடி அங்கயே விடுங்க, அது ரெண்டாவது காவல். சக்கரத்த கழட்டியிருந்தா அத படுக்கப் போட்டு வண்டி விளிம்புக்கு அடியில தள்ளி வைங்க, அது மூணாவது. இதுக்கெல்லாம் அஞ்சு நிமிஷம் கூட ஆகாது.

அப்புறம் முக்கியமா, அடியில போறதுக்கு முன்னாடி வெளிய நின்னுக்கிட்டு வண்டிய பக்கவாட்டுல ரெண்டு கையாலயும் நல்லா தள்ளிப் பாருங்க. பயந்து பயந்து இல்ல, உள்ள படுத்து ஸ்பேனர் இழுக்கும்போது எவ்ளோ ஆட்டுவீங்களோ அவ்ளோ. விழறதுன்னா நீங்க வெளிய நிக்கும்போதே விழுந்துட்டுப் போகட்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஹாலோ பிளாக் ரெண்டு, அதுக்கு மேல செங்கல் வச்சு கார நிறுத்திட்டு அடியில போறார். சொன்னா சண்டைதான் வருது. 20 வருஷமா இப்படித்தான் செய்றேன், ஒண்ணும் ஆகலங்கறார். ஹாலோ பிளாக்ல வீடே கட்டறாங்க, கார் தாங்காதான்னு கேக்கறார். நான் என்ன சொல்ல?

பதில்: சகோதரி, நீங்க பயப்படறதுதான் நியாயம். அவர் கேட்ட கேள்விக்கு பதில் இருக்கு, பதில அவருக்கே சொல்றேன், இந்தப் பக்கத்த அப்படியே அவர் கையில கொடுங்க.

அண்ணே, சுவத்துல பிளாக் தாங்குதுன்னா அங்க எடை அதோட முழு மேல்பரப்புலயும் சமமா பரவுது, இடையில சிமென்ட் கலவை இருக்கு, சுத்திலும் வேற பிளாக் இறுக்கிப் பிடிச்சிருக்கு. வண்டிக்கு அடியில அந்த மூணுமே இல்ல. வண்டியோட இரும்பு விளிம்பு ஒரு விரல் அகலத்துல மொத்த எடையையும் ஒரே கோட்டுல இறக்குது. அதுவும் ஓட்டை பக்கவாட்டுல வர்ற மாதிரி படுக்கப் போட்டிருந்தா மெல்லிசான சுவருதான் தாங்குது. காங்கிரீட்டும் செங்கல்லும் உடையறதுக்கு முன்னாடி சொல்லிட்டு உடையாது. இரும்புன்னா வளையும், மரம்னா நசுங்கும், முனகும், ஓடி வெளிய வர ஒரு நொடியாவது கிடைக்கலாம். பிளாக் முழுசா இருக்கும், அடுத்த நொடி தூளா இருக்கும். நடுவுல எதுவும் இல்ல.

20 வருஷமா ஒண்ணும் ஆகலன்னா அந்த பிளாக் பலமா இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு தடவயும் உள்ளுக்குள்ள ஒரு மயிரிழை விரிசல் கூடிக்கிட்டே வந்திருக்கலாம், வெளிய பாத்தா தெரியாது. நேத்து தாங்கினத வச்சு இன்னைக்கு தாங்கும்னு கணக்குப் போட முடியாத பொருள் அது.

ஸ்டாண்ட் கிடைக்காத அவசரம்னா மரம் பரவாயில்ல, ஆனா ஒத்தக் கட்டைய செங்குத்தா நிக்க வைக்கறது இல்ல. கனமான, விரிசல் இல்லாத கட்டைங்கள ரெண்டு இப்படி, அதுக்கு மேல ரெண்டு குறுக்க, மறுபடி ரெண்டு இப்படின்னு அடுக்கணும், அடுக்கோட உயரம் அடி அகலத்த தாண்டக் கூடாது. இத செய்யற நேரத்துல ஒரு ஜோடி ஸ்டாண்ட் வாங்கிட்டு வந்துடலாம்னுதான் நான் சொல்வேன். சகோதரி, அவர் பொறந்த நாளுக்கு வேற எதுவும் வேணாம், அதையே வாங்கிக் கொடுங்க. அவர் அடியில இருக்கும்போது மட்டும் சண்டை போடாதீங்க, கவனம் சிதறும்.

கேள்வி: கார் வாங்கும்போது டிக்கியில கொடுத்த ஜாக்கிய வச்சு சைலன்சர் கிளாம்ப் டைட் பண்ணலாமா? ரெண்டு நிமிஷ வேலைதான்.

பதில்: கூடாது. அது ஸ்டெப்னி மாத்தறதுக்கு மட்டும் கொடுத்தது, உங்க வண்டி மேனுவல்லயே அடியில போகாதீங்கன்னு எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்க. அடி தட்டு ரொம்ப சின்னது, பக்கவாட்டுல ஒரு தள்ளு தள்ளினா மடங்கி சாஞ்சுடும். ரெண்டு நிமிஷமோ ரெண்டு மணி நேரமோ வண்டி விழறதுக்கு அரை நொடி போதும்.

கேள்வி: பின்பக்கம் ஷாக் அப்சார்பர் பாக்கறதுக்காக ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்து விட்டுட்டுதான் பின்னாடி தூக்கினேன். ரெண்டு ஸ்டாண்டும் வச்சேன். டூல் எடுத்துட்டு திரும்பி வர்றதுக்குள்ள வண்டி முன்னாடி அரையடி நகந்து ஒரு ஸ்டாண்ட் சாஞ்சு கிடக்கு. ஹேண்ட் பிரேக் வேலை செய்யலையா?

பதில்: நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு, ஆனா காத்துல தொங்கற சக்கரத்த பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. பெரும்பாலான கார்ல ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். பின்னாடி தூக்கிட்டீங்கன்னா தரையில இருக்கறது முன் சக்கரம் ரெண்டும், அத யாரும் பிடிக்கல, நீங்க கியரும் போடாம விட்டிருப்பீங்க. நீங்க அந்த நேரம் அடியில இல்லாம இருந்தது பெரிய விஷயம்ங்க.

இது நெறய பேருக்கு குழப்பம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். முன் சக்கரம் இழுக்கற வண்டின்னா பின்னாடி தூக்கும்போது முதல் கியர்லயோ ரிவர்ஸ்லயோ போட்டு வைங்க, இன்ஜின் முன் சக்கரத்த பிடிச்சுக்கும். ஆட்டோமேட்டிக்னா பி-யில (பார்க்) போடுங்க. அதே வண்டிய முன்னாடி தூக்கினா கியரும் பி-யும் பிரயோஜனம் இல்ல, ஹேண்ட் பிரேக்தான் காப்பாத்தணும். பின் சக்கரம் இழுக்கற வண்டியில இன்னும் மோசம், பின்னாடி தூக்கினீங்கன்னா ஹேண்ட் பிரேக், கியர் ரெண்டுமே காத்துல போயிடும். இழுக்கற சக்கரத்துல ஒண்ண மட்டும் தூக்கினாலும் இதே கதைதான், ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரன்ஷியல்ங்கற பல்சக்கர அமைப்பு இருக்கறதால தூக்கின சக்கரம் ஒரு பக்கம் சுத்தும், தரையில இருக்கறது எதிர் பக்கம் உருளும். கியர்ல இருக்கு, பி-யில இருக்குன்னு நம்பி நீங்க அடியில இருப்பீங்க.

இதையெல்லாம் ஞாபகம் வச்சுக்க முடியலன்னா ஒண்ணே ஒண்ணு செய்யுங்க, தரையில இருக்கற ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு அடைக்கட்டை வைங்க. கைக்கு கிடைச்ச கல்ல வைக்கறது வேணாம், டயர் அதுமேல ஏறிப் போயிடும் இல்ல கல்லே உருளும். ஒரு பக்கம் சரிவா வெட்டின முக்கோணக் கட்டையோ ரப்பர் கட்டையோ வேணும், டயர் உயரத்துல கால்வாசியாவது இருக்கணும், டயர ஒட்டி இறுக்கி வைக்கணும். ஜாக்கிய தொடறதுக்கு முன்னாடியே வைங்க. வண்டி நகர்றது பாதி நேரம் தூக்கும்போதுதான்.

கேள்வி: எங்க வீட்டு முன்னாடி லேசான சரிவு, கண்ணுக்கே தெரியாது. அங்க தூக்கலாமா? இல்லன்னா பின்னாடி மண் தரையில?

பதில்: ரெண்டும் வேணாம். 5 டிகிரி சரிவுல நிக்கற 1200 கிலோ வண்டிய கீழ இழுக்கற விசை கிட்டத்தட்ட 100 கிலோ எடைக்கு சமம், அது ராத்திரி பகலா இழுத்துக்கிட்டே இருக்கும். மண் தரையில ஸ்டாண்ட் காலு ஒரு பக்கமா புதையும். தார் தரையும் வெயில்ல இளகும், காலைல நேரா நின்ன ஸ்டாண்ட் மத்தியானம் சாஞ்சிருக்கும், அதனால தார்ல வைக்கறதா இருந்தா அடியில ஒரு கனமான பிளைவுட் பலகையோ இரும்புத் தகடோ போட்டு எடைய பரப்பி விடுங்க. சமமான சிமென்ட் தரைதான் இதுக்கு சரியான இடம். வீட்டுல அப்படி இடம் இல்லன்னா இந்த வேலைய வீட்டுல செய்யாதீங்க, ஒர்க் ஷாப்புக்கு கொண்டு போங்க.

கேள்வி: ஜாக்கி வச்சு தூக்கும்போது கதவுக்கு கீழ இருக்கற தகடு நசுங்கிடுச்சு. எங்கதான் வைக்கணும்?

பதில்: கதவுக்கு கீழ கைய விட்டு தடவிப் பாத்தா ஒரு மெல்லிசான இரும்பு விளிம்பு நீளமா ஓடும். முன் சக்கரத்துக்கு கொஞ்சம் பின்னாடியும் பின் சக்கரத்துக்கு கொஞ்சம் முன்னாடியும் அந்த விளிம்புல ரெண்டு சின்ன வெட்டு பக்கத்துல பக்கத்துல இருக்கும், அந்த ரெண்டு வெட்டுக்கும் நடுவுலதான் கம்பெனிக்காரன் தகட்ட கெட்டியாக்கி வச்சிருக்கான். அங்கதான் வைக்கணும். எல்லா வண்டியிலயும் இப்படி இருக்காது, மேனுவல்ல படம் போட்டிருப்பாங்க, அத ஒரு தடவ பாத்துடுங்க. அங்க ஜாக்கி வச்சா ஸ்டாண்ட எங்க வைக்கறதுன்னு அடுத்த கேள்வி வரும். முன்பக்க குறுக்கு உத்தரம், சப் பிரேம் மாதிரி மேனுவல் அனுமதிக்கற நடு இடத்துல ட்ராலி ஜாக்கிய வச்சு தூக்கிட்டு, ரெண்டு ஓரத்து பாயின்ட்லயும் ஸ்டாண்ட் வைக்கறது நல்ல வழி. பெரிய ஜீப் மாதிரி தனி சேஸிஸ் வண்டின்னா சேஸிஸ் பிரேம்லயோ ஆக்ஸில்லயோ வைக்கலாம்.

வைக்கவே கூடாத இடம் ஆயில் சம்ப், கியர் பாக்ஸ், ரேடியேட்டர் கிட்ட இருக்கற பிளாஸ்டிக், உக்கார்ற சீட்டுக்கு அடியில இருக்கற வெறும் தகடு. பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்ல அடி முழுக்க பேட்டரிதான், பாயின்ட்ட விட்டு ரெண்டு இன்ச் தள்ளி வச்சாலும் பேட்டரி பெட்டி நசுங்கலாம், அதுல ஆரஞ்சு கலர் கேபிள் எதையும் தொடாதீங்க, அது ஹை வோல்டேஜ்.

அந்த மெல்லிசு விளிம்பு தட்டையான ஸ்டாண்ட் தலையில நின்னா வழுக்கும். நடுவுல கோடு வெட்டின ரப்பர் கட்டை கிடைக்குது, விளிம்பு அந்தக் கோட்டுல உக்காரும், தகடும் நசுங்காது.

கேள்வி: ஸ்டாண்ட் வாங்கலாம்னு இருக்கேன். பல் வச்சு டக் டக்குன்னு ஏறுறது ஒண்ணு, ஓட்டையில பின் சொருகறது ஒண்ணு. எது நல்லது?

பதில்: பின் சொருகறதுதான் என் விருப்பம். அதுல தப்பு நடக்க இடம் கம்மி, பின் உள்ள போயிருக்கா இல்லையான்னு கண்ணால பாத்துடலாம். பல் டைப்ல ஒரு கொக்கி பல்லுல முழுசா உக்காரணும், பாதி உக்காந்தாலும் வெளிய பாத்தா சரியா இருக்கற மாதிரிதான் தெரியும். 2020-ல அமெரிக்காவுல ஹார்பர் ஃப்ரைட்ங்கற டூல் கம்பெனி இந்த பல் டைப் ஸ்டாண்டுங்கள லட்சக்கணக்குல திரும்ப வாங்குச்சு, காரணம் எடை கொஞ்சம் நகந்தா கொக்கி பல்ல விட்டு நழுவ வாய்ப்பு இருந்துச்சு. அதுக்கு பதிலா கொடுத்த ஸ்டாண்ட்லயும் சிலதுல வெல்டிங் குறைன்னு அதே வருஷம் மறுபடி திரும்ப வாங்கினாங்க. ஸ்டாண்ட்னாலே கண்ண மூடிட்டு நம்பிடக் கூடாதுங்கறதுக்காகத்தான் இத சொல்றேன்.

பல் டைப்தான் கையில இருக்குன்னா, ஏத்தினதும் கைப்பிடிய கீழ அழுத்திப் பாருங்க, கொக்கி முழுசா உள்ள போயிருக்கணும். கூடவே ஒரு பூட்டு பின் வர்ற மாடல் இருக்கு, அத வாங்குங்க. காலுங்க சேர்ற இடத்துல வெல்டிங்க நகத்தால தடவிப் பாருங்க, விரிசல் துரு இருந்தா வேணாம். எவ்ளோ தாங்கும்னு போட்டிருக்கறது ஒரு ஸ்டாண்டுக்கா ஜோடிக்கான்னு படிச்சுப் பாருங்க, சிலது ஜோடிக்கு போட்டிருக்கும். சின்ன காருக்கே 3 டன் ஜோடி வாங்குங்க, அடி அகலமா இருக்கும்.

கேள்வி: அப்பா ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் வண்டி வேலைய தனியாதான் பாக்கறார், நாங்க எல்லாரும் ஆபீஸ் போயிடுவோம். ஸ்டாண்ட் எல்லாம் ஒழுங்கா வைப்பார். வேற என்ன கவனிக்க சொல்லணும்?

பதில்: முதல்ல, யாரும் வீட்டுல இல்லாத நேரத்துல அடியில போக வேணாம்னு சொல்லுங்க. பக்கத்துலயே உக்காந்திருக்கணும்னு இல்ல, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ குரல் கொடுக்கற தூரத்துல ஒருத்தர் இருந்தா போதும். போன் மேஜை மேல இருந்து பிரயோஜனம் இல்ல, சட்டைப் பையில இருக்கணும். வண்டி சாவி அவர் பேன்ட் பாக்கெட்ல இருக்கணும், யாரோ பாட்டு கேக்கலாம்னு உள்ள ஏறி உக்காந்து கதவ டமார்னு சாத்தினாலே வண்டி ஆடும். கீலெஸ் வண்டி, ஹைபிரிட் வண்டின்னா சாவிய வீட்டுக்குள்ள தூரமா வைக்கணும், ஏன்னா அதுல இன்ஜின் தானா ஸ்டார்ட் ஆகற சந்தர்ப்பம் இருக்கு. பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டா இன்னும் நல்லது, ரேடியேட்டர் ஃபேன் சாவி ஆஃப்ல இருந்தாலும் சூட்டுல தானா ஓடும், விரல் போயிடும். சின்னப் பசங்க, நாய் பூனை அந்தப் பக்கமே வரக்கூடாது.

இறுகிப் போன நட்டு போல்ட்ட வண்டி தரையில நிக்கும்போதே முடிஞ்ச வரைக்கும் லூஸ் பண்ணிடணும். சக்கர நட்டு கண்டிப்பா அப்படித்தான், கால் சுத்து லூஸ் பண்ணிட்டு அப்புறம் தூக்கணும். அடியில படுத்துட்டு நீளக் குழாய் மாட்டி முழு பலத்தோட இழுக்கற வேலை வந்துச்சுன்னா நிறுத்திட்டு வெளிய வரச் சொல்லுங்க. கியர் பாக்ஸ் இறக்கறது, பெட்ரோல் டேங்க் இறக்கறது, ஸ்பிரிங் கழட்டறது மூணும் வீட்டு வேலை இல்ல. சின்ன காரோட கியர் பாக்ஸே 30 கிலோவுக்கு மேல இருக்கும், மல்லாக்க படுத்துட்டு அத கையால பிடிக்கறது நடக்காது. அழுத்தி வச்ச காயில் ஸ்பிரிங் தெறிச்சா மண்டை உடையும்.

கண்ணாடி போடச் சொல்லுங்க, படிக்கற கண்ணாடி இல்ல, பக்கமும் மூடின வேலைக் கண்ணாடி. அடியில இருந்து துருவும் காஞ்ச சேறும் நேரா கண்ணுலதான் விழும், கண்ண கசக்கிக்கிட்டு தலைய தூக்கினா இடிக்கறது சைலன்சர்ல. அது ஓடி வந்து ஒரு மணி நேரம் ஆகியும் சுடும்.

கேள்வி: மழைன்னால ஷெட்டுக்குள்ளயே இன்ஜின ஓட விட்டு அடியில லீக் பாக்கறேன். ஷட்டர் பாதி தூக்கிதான் வச்சிருக்கேன். போதுமா? ஷெட்ல ஒரு குழியும் இருக்கு, அதுல இறங்கி செஞ்சா வண்டி விழற பயமே இல்லையே?

பதில்: போதாது. புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு, நிறம் இல்ல, மணம் இல்ல. ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்டற இடத்துல இது 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்கும், அதனால காத்துல கொஞ்சமா இருந்தாலே உடம்புல சேர்ந்துக்கிட்டே போகும். தலை வலிக்கும், குமட்டும், கால் துவளும், அதுக்குள்ள எழுந்து போகணும்ங்கற யோசனையே வராத நிலைமைக்கு போயிடுவீங்க. வண்டிய வெளிய எடுத்துட்டு ஓட விடுங்க. மழை நிக்கட்டும், லீக் எங்கயும் ஓடிடாது.

குழியில வண்டி மேல விழாதுங்கறது சரி, ஆனா வேற ஆபத்து இருக்கு. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், கேஸ் வண்டியோட எல்பிஜியும் அப்படித்தான், ரெண்டும் குழியில வந்து தேங்கும், நீங்க நிக்கறது அந்தத் தேக்கத்துக்குள்ள. அங்க ஒரு சின்ன பொறி போதும். குழியில இறங்கி பெட்ரோல் லைன், பில்டர் எதையும் கழட்டாதீங்க. பழைய குண்டு பல்ப் ஹேண்ட் லேம்ப் வேணாம், ஒரு சொட்டு பட்டாலே சூடான கண்ணாடி வெடிக்கும், மூடின எல்ஈடி லைட் வாங்கிக்குங்க. வேலை செய்யாத நேரம் குழிய பலகை போட்டு மூடுங்க.

கேள்வி: சரிவான இரும்பு ராம்ப் மேல ஏத்தி ஆயில் மாத்தறேன். ஜாக்கியே வேணாம்ல?

பதில்: ஆயில் மாத்தறதுக்கு நல்ல வழிதான், எனக்கு ஜாக்கிய விட இது பிடிக்கும். ஏத்தும்போது முன்னாடி ஒருத்தர நிக்க வச்சு கை காட்ட சொல்றது மட்டும் வேணாம், வண்டி ராம்ப தாண்டி குதிச்சா அவர் மேலதான். பக்கவாட்டுல நிக்கட்டும். ஏறினதும் ஹேண்ட் பிரேக், கியர், பின் சக்கரத்துக்கு அடைக்கட்டை, மூணும்.

கேள்வி: நான் கேக்கக் கூடாத கேள்விதான். ஒருவேள வண்டி என் வீட்டுக்காரர் மேல இறங்கிடுச்சுன்னா நான் வீட்டுல தனியா இருந்தா என்ன செய்யணும்?

பதில்: கேக்க வேண்டிய கேள்விம்மா, வீட்டுல ஒருத்தர் அடியில போறாருன்னா இன்னொருத்தருக்கு இது தெரிஞ்சே இருக்கணும். நெஞ்சு அமுங்கினா வாய் மூக்கு திறந்திருந்தாலும் விலா விரியாது, மூச்சு உள்ள போகாது, கத்தவும் முடியாது. சில நிமிஷம்தான் இருக்கு. அதனால சத்தம் வரலன்னா ஒண்ணும் இல்லன்னு நெனைக்காதீங்க, ஏதாவது விழுந்த சத்தம் கேட்டா ஓடிப் போய் பாருங்க.

உரக்க கத்தி ஆள் கூப்பிடுங்க, அவசர உதவி நம்பருக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க, அதே நேரம் வண்டிய தூக்குங்க. கையால தூக்க முயற்சி பண்ணி நேரத்த விடாதீங்க, ஜாக்கிதான் வேணும். இங்கதான் ஒரு விஷயம், விழுந்த வண்டிக்கு அடியில இருக்கற ஜாக்கி நசுங்கியோ மாட்டிக்கிட்டோ கிடக்கும். டிக்கியில இருக்கற ஜாக்கிய அவர் அடியில போறதுக்கு முன்னாடியே எடுத்து வெளிய வச்சிருக்கணும், அது எப்படி சுத்தறதுன்னு நீங்களும் ஒரு தடவ செஞ்சு பாத்திருக்கணும். இன்னைக்கே பாத்துடுங்க. தூக்கத் தூக்க பக்கத்துல சக்கரம், மரக்கட்டை எது கிடைக்குதோ உள்ள தள்ளிக்கிட்டே போங்க, மறுபடி இறங்கக் கூடாது. வண்டிய ஸ்டார்ட் பண்ணி நகத்த பாக்காதீங்க. எடை முழுசா விலகறதுக்கு முன்னாடி அவர பிடிச்சு இழுக்காதீங்க.

எடை விலகினதும் மூச்சு இருக்கான்னு பாருங்க. இல்லன்னா நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவ, 5 செ.மீ. ஆழம் போற மாதிரி அழுத்திக்கிட்டே இருங்க, போன்ல இருக்கறவங்க சொல்லித் தருவாங்க. மூச்சு இருந்தா அப்படியே அசையாம படுக்க வைங்க, முதுகெலும்பு கழுத்துல அடி இருக்கலாம்.

கையோ காலோ மட்டும் மாட்டி ரொம்ப நேரம் ஆயிடுச்சுன்னா அது வேற மாதிரி. அமுங்கின சதையில இருந்து பொட்டாசியமும் வேற கழிவும் திடீர்னு ரத்தத்துல கலந்து இதயத்தையும் கிட்னியையும் தாக்கும். 1941-ல லண்டன்ல குண்டு வீச்சுல இடிபாட்டுல மாட்டி மீண்டவங்க அப்புறம் கிட்னி போய் இறந்தத பாத்துதான் பைவாட்டர்ஸ்ங்கற டாக்டரும் கூட இருந்தவங்களும் இத விளக்கி எழுதினாங்க. அதனால எத்தன மணிக்கு மாட்டினார்னு போன்லயே சொல்லுங்க, அவங்க சொல்றபடி செய்யுங்க. ஆனா நெஞ்சு, கழுத்து, தலை அமுங்கியிருந்தா யாருக்கும் காத்திருக்க வேணாம், உடனே தூக்குங்க. வெளிய வந்து எழுந்து நின்னு எனக்கு ஒண்ணும் இல்லன்னு அவரே சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, உள்ள ரத்தம் கசியறது அப்போ தெரியாது.

கேள்வி: என் பாட்டில் ஜாக்கி மெதுவா இறங்குது, அரை மணி நேரத்துல ரெண்டு விரல் அளவு. பிரேக் ஆயில் ஊத்தினா சரியாகுமா?

பதில்: பிரேக் ஆயில் ஊத்தவே கூடாது, ஜாக்கி ரிங் எல்லாம் அதுல ஊறி உப்பிப் போகும், இன்னும் சீக்கிரம் விழும். ஹைட்ராலிக் ஜாக் ஆயில்னு கேட்டு வாங்கணும். ஆனா உங்க ஜாக்கிக்கு ஆயில் கம்மிங்கறது பிரச்சன இல்ல, ஆயில் கம்மின்னா முழு உயரத்துக்கு ஏறாது. ஏறிட்டு இறங்குதுன்னா ரிங்கோ வால்வோ போயிடுச்சு. கிட் போட்டு மாத்தத் தெரிஞ்சவர்கிட்ட கொடுங்க, இல்லன்னா வேற யாரும் எடுத்து உபயோகிக்காத மாதிரி லிவர் சொருகற இடத்த நசுக்கிட்டு பழைய இரும்புக்கு போட்டுடுங்க.